தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் அண்ணன்

1

எங்கள் நகரசபையின் ஒருங்கிணைப்புப் பிரிவு இந்த மாதக் கடைசியில் ‘மதங்கள் சந்திக்கும் மாலை’ ஒன்றை நடத்துகிறது. அதில் நான் பேச வேண்டுமாம். தொலைபேசியில் அழைத்த பெண் மிகவும் மரியாதையானவர். சென்ற வருடம் எங்கள் வீட்டில் நடந்ததை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாராம். அது ஒரு நல்ல உதாரணம் என்றார். சோகம் அதிகம் வேண்டாம், யுத்தம் வேண்டவே வேண்டாம், முடிவு நம்பிக்கை தருவதாக இருக்கட்டும் என்றார். கடைசியாக, எங்கள் நாட்டுப் பலகாரம் ஏதாவது கொண்டுவர முடியுமா என்று கேட்டார். மதங்கள் சந்திப்பதற்கு ரோல்ஸ் தேவைப்படுகிறது.

மட்டக்களப்பில் நிருபராக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட மாலைகள் பலவற்றை நான் செய்தியாக்கியிருக்கிறேன். அங்கே அதற்குச் சர்வமதப் பிரார்த்தனை என்று பெயர். சுனாமி வந்து சில நாட்களில், கொழும்பிலிருந்த ஆசிரியபீடம் ஒரு படம் கேட்டது. நான்கு மதத்துப் பெரியவர்களும் கைகோத்து நிற்க வேண்டும். பின்னால் கடல் தெரிய வேண்டும். நாவலடியில் அப்போதும் உடல்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கல்லடியில் இடிந்த மதில் ஒன்றின் முன்னால் நால்வரையும் கூட்டிவந்து நிறுத்தினேன். யார் நடுவில் நிற்பது என்பதில் இழுபறி. நான்கு பேர் வரிசையாக நின்றால் நடுவில் ஒருவரும் நிற்க முடியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் படப்பிடிப்பாளர் உயரப்படி நிறுத்திப் பிரச்சினையைத் தீர்த்தார். ‘பேரலையில் கரைந்த பேதங்கள்’ என்ற தலைப்போடு படம் முதற்பக்கத்தில் வந்தது.

படம் எடுத்த அன்றைக்கு, முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து ஒரு லொறி நிறையச் சோற்றுப் பார்சல் எங்கள் பக்கத்துப் பாடசாலையிலிருந்த அகதி முகாமுக்கு வந்தது. காத்தான்குடிக்குள்ளும் கடல் புகுந்து ஆட்களைக் கொண்டுபோயிருந்தது. ஆனாலும் சமைத்து அனுப்பியிருந்தார்கள். திருவெம்பாவை முடிந்த கையோடு வந்த அழிவு. வீடு, வள்ளம், பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் இழந்திருந்த ஒரு பெண், பார்சல் நீட்டிய இளைஞனிடம் கேட்டார்:

“தம்பி, சைவமா?”

“பருப்பும் கத்தரிக்காயும்தான் உம்மா. கடலைப் பாத்த பிறகு இப்ப ஆருக்கு மீன் இறங்கும்?”

அதையும் எழுதி அனுப்பினேன். இடப் பற்றாக்குறை காரணமாகக் கொழும்பில் வெட்டிவிட்டார்கள். படம் பெரிதாக வந்திருந்ததல்லவா.

நகரசபையின் மாலையில் நான் பேசப்போவது அவர்களுக்குப் பொருத்தமானதாகவே இருக்கும். இடப் பற்றாக்குறையால் அங்கே வெட்டுப்படப்போவதை இங்கே எழுதுகிறேன்.

2

ஊரில் பத்திரிகையில் எழுதினேன். இங்கே, சுவிஸில், பத்திரிகை போடுகிறேன். பதவி உயர்வு என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே நான் எழுதியதை யார் வாசித்தார் என்று தெரியாது. இங்கே ஒவ்வொரு பிரதியும் உரியவருடைய பெட்டிக்குள் விழும் சத்தத்தை என் காதால் கேட்கிறேன். தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்கு டொச்சும், அதாவது ஜெர்மன் மொழியும், வந்துவிட்டது. மரண அறிவித்தல் பக்கம் எந்த மொழியிலும் புரிகிறது.

நாங்கள் வந்தது சுனாமிக்குப் பிறகு, யுத்தம் மறுபடி தொடங்கிய காலத்தில். ஏன் வந்தோம் என்பதை அகதி விசாரணை அதிகாரியிடம் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை என்றாலும் பிழையில்லாமல் தட்டச்சு செய்துகொண்டார்.

என் மனைவி வசந்தா, மண்டூர்க்காரி. முதியோர் இல்லம் ஒன்றில் சலவைப் பகுதியில் வேலை. ஊரில் கந்தசுவாமி கோயிலுக்கு நேர்த்தி வைத்தபடியே வளர்ந்தவள். இங்கேயும் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே முருகன் இருந்தார். நான் கடவுள் இல்லை என்று சொல்பவன் அல்ல. ஆதாரம் வந்தால் பிரசுரிப்போம் என்பது என் நிலைப்பாடு. மகள் அபி. அப்போது பதினைந்து வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையிலிருந்து தன்னைத் தானே விலக்கிக்கொண்டவள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டொச்சில் பதில் சொல்வாள். அவளுடைய அறைக் கதவு மட்டும் எந்த மொழியும் இல்லாமல் சாத்தப்படும்.

வசந்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். தொண்ணூறாம் ஆண்டு, வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, வேளாண்மைக் காவலுக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. முஸ்லிம்கள்தான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. உடலும் கிடைக்கவில்லை, கண்டவரும் இல்லை. மாப்பிள்ளை பத்திரிகைக்காரர், இந்த விசயத்தில் ஆதாரம் கீதாரம் என்று கேட்கக் கூடாது என்று கலியாணப் பேச்சிலேயே எனக்குச் சொல்லப்பட்டது.

எங்கள் நகரத்தின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ரஹீம் காக்காவின் கடை இருக்கிறது. காத்தான்குடிக்காரர். காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன். முருங்கைக்காய், மீன், மாசிக் கருவாடு, தொலைபேசி அட்டை, பின்னேரத்தில் சுடச்சுட ரோல்ஸ். அவருடைய வாப்பா, தகப்பனார், அதே தொண்ணூறாம் ஆண்டு பள்ளிவாசலில் தொழுகையில் நின்றபோது சுடப்பட்டவர். சுட்டவர்கள் தமிழர்கள். இதற்குக் கண்டவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். ஆனால் இதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் எந்த முடிவும் எடுத்திருக்கவில்லை.

வசந்தா அந்தக் கடைக்குப் போனது ஒரே ஒருமுறை, வந்த புதிதில், யாருடைய கடை என்று தெரியாமல். மட்டக்களப்பார் இருவர் அந்நிய நாட்டில் சந்தித்தால் முதலில் ஊர் கேட்பார்கள், அடுத்ததாகக் குடி கேட்பார்கள். குடி எங்களுக்குத் தாய் வழியாக வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்காரர் அண்ணன் தங்கை முறை. கலியாணம் கட்ட முடியாது. இந்த வழக்கம் எங்கள் பக்கத்து முஸ்லிம்களிடமும் அப்படியே உண்டு. சில குடிகளின் பெயர்கூட இரண்டு பக்கமும் ஒன்றுதான். வசந்தாவின் குடியும் ரஹீம் காக்காவின் குடியும் அப்படிப்பட்டவை. பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் எந்தக் குடி பெரிது என்று ஊரிலிருந்து கடிதம் எழுதுவீர்கள்.

அன்று வசந்தா மீன் பையைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, முகம் கொடுக்காமல் சொன்னாள்:

“இனி அந்தக் கடைக்கு ஒருத்தரும் போகத் தேவையில்ல.”

“ஏன், மீன் பழசா?”

“அந்தாள் என்னைத் தங்கச்சி எண்டிட்டார்.”

அதன் பிறகு அவள் முருங்கைக்காய்க்காக ரயில் ஏறிப் பக்கத்து நகரத்துக்குப் போனாள்.

3

சென்ற வருடம் மே மாதம். வன்னியில் யுத்தம் முடிந்துகொண்டிருந்தது. கிழக்கில் அது முன்பே முடிந்துவிட்டதாக அரசாங்கம் விழா எடுத்திருந்தது. ஆகவே சட்டப்படி நாங்கள் நிம்மதியாக இருக்க வேண்டியவர்கள். ஆனால் எங்கள் வீட்டில் தமிழ்த் தொலைக்காட்சி அணைக்கப்படவே இல்லை. வசந்தா சோபாவின் நுனியில் இருந்துகொண்டு, திரையில் ஓடும் ஒவ்வொரு முகத்தையும் தேடினாள். அவளுக்கு வன்னியில் ஒருவரும் கிடையாது. ஆனாலும் தேடினாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எழுந்து நின்றாள்.

“இஞ்சேருங்க, தலைக்குள்ள ஆரோ சட்டியைப் போட்டு உடைச்ச மாதிரி இரிக்கு” என்றாள். சொல்லிக்கொண்டே சரிந்தாள்.

அவசர எண்ணுக்கு நான்தான் அழைத்தேன். எனக்கு அந்த நேரத்தில் வந்த டொச்சுச் சொல் சலவை இயந்திரம் பழுதானால் சொல்கிற சொல். என் மனைவி பழுதாகிவிட்டாள் என்று அறிவித்தேன். மறுமுனை யோசித்தது. அபி என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்து, விலாசம், வயது, மூச்சு, கண்மணி எல்லாவற்றையும் ஒரு வானொலிச் செய்தியாளரைப் போலச் சொன்னாள்.

வந்த வண்டியில் ஒருவருக்குத்தான் இடம். அபியை ஏற்றினார்கள், மொழி தெரிந்தவள் என்பதால். கணவன் என்பது அங்கே ஒரு தகுதி அல்ல. நான் வீதியில் மழைக்குள் நின்று, கார் வைத்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு ஒவ்வொருவராக அழைத்தேன். எடுத்தவர்கள் எல்லாரும் பின்னணியில் கோஷத்தோடு எடுத்தார்கள். “அண்ண, நாங்க ஜெனீவாவில நிக்கிறம்” என்றார்கள். உலகத்தின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பப் போயிருந்தார்கள். குறை சொல்லவில்லை. மண்டூர்க்காரி ஒருத்தியின் தலைக்குள் நடப்பது அந்த வாரம் செய்தியே அல்ல.

கீழ்வீட்டு ரூபி அக்கா வெளியே வந்தார். சித்தாண்டிக்காரி. ஊரில் முருகனுக்கு அலகு குத்திக் காவடி எடுத்த குடும்பம். சுனாமிக்குப் பிறகு கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவர். என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்பே என் நனைந்த தலையில் கை வைத்துச் செபிக்கத் தொடங்கிவிட்டார். பாதிச் செபத்தில் ஒரு வான் வந்து நின்றது.

“ஏறுங்க தம்பி” என்றார் ரஹீம் காக்கா. “மகள்தான் கோல் எடுத்தவ.”

பின்னால் வெங்காய மூட்டைகள். ரூபி அக்கா தயங்காமல் ஒரு மூட்டைமேல் ஏறி இருந்துகொண்டு விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்ந்தார். அபிக்கு எப்படி இவருடைய எண் தெரியும் என்று வழியில் கேட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் கடைக்கு வந்து ரோல்ஸ் சாப்பிடுவாளாம். கணக்குப் பாடம்கூட அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்துதான் செய்வாளாம்.

மகள் எங்களை விட்டு எங்கேயோ தூரப் போய்விட்டாள் என்று நானும் வசந்தாவும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவள் போன தூரம் காத்தான்குடி வரைதான்.

4

மூளையில் ஓர் இரத்தக்குழாய் ஊதிப் பெருத்து வெடித்திருந்தது. உடனே மண்டையைத் திறக்க வேண்டும். மருத்துவர் இதை அபியிடம் கைகளால் படம் வரைந்து, நிறுத்தி நிறுத்தி, வெகு நேரம் விளக்கினார். அபி தலையாட்டிக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“என்ன சொன்னவர்?”

“பார்ப்பமாம்” என்றாள்.

நான் பல வருடம் செய்தி சுருக்கியவன். அப்படி ஒரு சுருக்கத்தைக் கண்டதில்லை. அந்த மருத்துவச் சொற்களுக்கு அவளிடம் தமிழ் இல்லையா, முழுவதையும் சொல்ல மனம் வரவில்லையா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்ததாக அனுமதிப் பகுதியில் ஒரு பெண், நோயாளியின் மதம் என்ன என்று கேட்டார். இறந்தால் யாரை அழைப்பது என்பதைத்தான் இங்கே இப்படி நாகரிகமாகக் கேட்பார்கள். இதற்கிடையில், மழையில் நனைந்த நான் இருமத் தொடங்கினேன். அந்த மாதம் உலகம் முழுவதும் பன்றிக் காய்ச்சல் பயம். அங்கிருந்த எல்லாரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். என் வாயையும் மூக்கையும் வெள்ளை முகமூடியால் கட்டிவிட்டார்கள்.

“பண்டிக் காய்ச்சலாமா?” என்று கேட்டார் ரஹீம் காக்கா. “அப்ப எனக்குத் தொத்த வழியே இல்ல. நான் கிட்ட இரிக்கன்.”

சத்திரசிகிச்சை முடியும்வரை எங்களை ‘அமைதி அறை’ என்ற இடத்தில் இருக்கச் சொன்னார்கள். எந்த மதமும் மனம் நோகக் கூடாது என்று சிலுவை, பிறை, விளக்கு எதுவும் இல்லாமல் கட்டிய அறை. சில நாற்காலிகளும் தொட்டியில் ஒரு செடியும் இருந்தன. செடி எந்த மதம் என்று தெரியவில்லை. மருத்துவமனைப் பாதிரியாரான ஓர் அம்மா வந்து எங்களோடு இருந்தார். கடவுள் என்ற சொல்லைத் தவிர எல்லாவற்றையும் பேசினார். உங்களுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார். மனைவியின் மண்டை திறந்திருக்கிறது என்று சொன்னேன். அபி அதை மொழிபெயர்க்கவில்லை.

ரூபி அக்காவின் செபம் உரத்தது. தாதி ஒருவர் எட்டிப் பார்த்துச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார். ரஹீம் காக்கா மூலையில் தொழுதுவிட்டு வந்து, கையேந்தி துஆ கேட்கத் தொடங்கினார். இரண்டும் மோதின.

“காக்கா, ஒரு தரம் இயேசுவின் நாமத்தில எண்டு சொல்லிக் கேட்டுப் பாருங்களன். உங்களுக்கு என்ன குறையப் போகுது?”

“கேக்கலாம் புள்ள. நீங்களும் ஒரு கலிமா சொல்லுங்க. சரிக்குச் சரி.”

“அது எப்படிச் சொல்லுற? எனக்கு ரட்சிப்பு இருக்கே.”

“எனக்கு மட்டும் என்ன, வாடகைக்கா தந்திருக்கான்?”

இருவரும் என் மனைவிக்காகத்தான் சண்டை பிடித்தார்கள். பாதிரியார் அம்மா புன்னகை மாறாமல் அபியிடம் ஏதோ கேட்டார். “அப்பா, எங்கட முறையில எப்படிக் கும்பிடுறதாம். நீங்க செய்யலாமாம்” என்றாள் அபி.

எங்கட முறை. எனக்கு ஒரு தேவாரம்கூடக் கடைசி வரி வரை வராது. ஆனால் வசந்தாவின் ஊர் முறை தெரியும். அதைப் பற்றி ஒருமுறை எழுதியிருக்கிறேன். மண்டூர்க் கோயிலில் பூசை செய்கிற கப்புகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார். மந்திரம் கிடையாது. ஒரு சொல் கிடையாது. வெளியே நிற்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. கேள்வி கேட்க வழியில்லாத ஏற்பாடு என்று நான் அப்போது நக்கலாக எழுதியிருந்தேன்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க” என்றேன். முகமூடிக்குள்ளிருந்து வந்ததால் மரியாதைக் குறைவு அவ்வளவாகத் தெரியவில்லை. “வசந்தாட கோயிலில வாயைக் கட்டிப்போட்டுத்தான் பூசை. அவளுக்குச் செய்யிறதெண்டா அப்படிச் செய்வம்.”

“மண்டூர்த் திருவிழாவுக்கு எங்கட வாப்பா வளையல் கடை போடுற” என்றார் ரஹீம் காக்கா. “தொண்ணூறுக்கு முன்ன. அந்த வெள்ளைத் துணியை நான் சின்னதில கண்டிரிக்கன்.” தோளிலிருந்த சால்வையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ரூபி அக்கா அசையவில்லை. “நான் இப்ப முருகனை நினைக்கக் கூடாது தம்பி.”

“நினைக்க வேணாம். சும்மா இருங்க.”

“சும்மா இருந்தா அவன்தான் வாறான்.”

“வந்தா வரட்டும் புள்ள” என்றார் ரஹீம் காக்கா சால்வைக்குள்ளிருந்து. “பாஸ்டருக்கு ஆர் சொல்லப் போற?”

ரூபி அக்கா சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்தார். அபி தன் கழுத்துத் துணியை மூக்கு வரை இழுத்துவிட்டாள். பாதிரியார் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கைக்குட்டையை எடுத்து அவரும் வாயைப் பொத்தினார். அந்த நேரம் யாராவது எட்டிப் பார்த்திருந்தால் மருத்துவமனையில் நஞ்சுப் புகை பரவிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

வெகு நேரம் இருந்தோம். யாரும் யாருக்காகவும் பேசவில்லை. யார் நடுவில் இருக்கிறார் என்ற கேள்வியும் எழவில்லை. எனக்கு என் மூச்சு முகமூடியில் பட்டுத் திரும்பிவருவது மட்டும் கேட்டது. எந்த இடத்தில் என்று தெரியாது, ஓரிடத்தில் நான் கேட்கத் தொடங்கியிருந்தேன். அவளைத் தா என்று கேட்டேன். அவளாகவே தா என்று கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியாது. ‘யார்’ என்பது இல்லாத செய்தியை நான் ஒருநாளும் அச்சுக்கு விட்டதில்லை. அன்று விட்டேன்.

இப்போதும் என் விநியோகப் பாதையில் அந்த மருத்துவமனை இருக்கிறது. கட்டுகளை வாசலில் போட்டுவிட்டு, வாரத்தில் ஒரு நாளாவது அந்த அறைக்குள் போய் இருக்கிறேன். செடி வளர்ந்திருக்கிறது. என்ன கண்டீர்கள் என்று கேட்காதீர்கள். கண்டதாக எழுதினால் அது பொய். அங்கே யாரும் இல்லை என்று எழுதினால் அதுவும் இனிமேல் என்னால் முடியாது.

5

இரத்தப்போக்கு நின்றது, சத்திரசிகிச்சை வெற்றி என்றார்கள். ஆனால் இது பாதி வெற்றி. மயக்க மருந்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். விழிக்கும்போது பேச்சு இருக்குமா, ஆட்களைத் தெரியுமா, வசந்தாவே திரும்பி வருவாளா என்பது அப்போதுதான் தெரியும். தெரிந்த குரல்கள் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தால் நல்லதாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு சட்டப் பிரச்சினை காத்திருந்தது. இருமல் உள்ளவர் உள்ளே போக முடியாது. ஆகவே நான் போக முடியாது. வயது குறைந்தவர் தனியாகப் போக முடியாது. ஆகவே அபி போக முடியாது. நெருங்கிய உறவினர் அல்லாதவர் போகவே முடியாது; ஆகவே ரூபி அக்காவும் ரஹீம் காக்காவும் போக முடியாது. எல்லாம் சரியாக எழுதப்பட்ட விதிகள். கூட்டிப் பார்த்தால் விடை, வசந்தா தனியாக விழிக்க வேண்டும் என்பது.

“வேறு உறவினர் இல்லையா?” என்று தாதி கேட்டார். “பெற்றோர், சகோதரர்?”

அபி கேள்வியைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் ரஹீம் காக்கா தன் நெஞ்சைத் தொட்டார்.

“நான் அண்ணன் எண்டு சொல்லு மகள்.”

அபி சொன்னாள். தாதி குறிப்பில் வசந்தாவின் பெயரைப் பார்த்தார். ரஹீம் காக்காவின் அடையாள அட்டையைப் பார்த்தார். அவருடைய தாடியையும் தொப்பியையும் பார்த்தார். சுவிஸ்காரர்கள் நம்பவில்லை என்பதை மிகவும் பணிவாகக் காட்டுவார்கள். ஒரே தாயா என்று கேட்டார்.

“எங்கட ஆக்களுக்குத் தாய்ட வழிதான் கணக்கு. தங்கச்சியும் நானும் ஒரு குடி. ஒரு குடியெண்டா ஒரு வயிறு. பொய்யில்ல மகள், இதை நீ அல்லாஹ்வுக்கு முன்னாலயும் சொல்லலாம்.”

தமிழ்ப் பாடசாலையிலிருந்து விலகிய என் மகள் அந்த வாசலில் நின்று மட்டக்களப்பின் குடிமுறையை டொச்சில் விளக்கினாள். தாய்க்குத் தாய்க்குத் தாய் என்று மூன்று விரலை மடக்கிக் காட்டினாள். எனக்கு அரைவாசிதான் புரிந்தது. தாதிக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. ஆனால் வாசலில் மற்றவர்களும் காத்திருந்தார்கள். கடைசியில் ‘சகோதரர்’ என்று எழுதிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

அந்த நிமிடத்திலிருந்து ரஹீம் காக்கா என்னைத் தம்பி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். “மச்சான், நீங்க போய்ப் படுங்க, நாங்க பார்த்துக்கொள்ளுவம்” என்றார். முறையென்றால் முறைதான்.

கடையைப் பூட்டிவிட்டு நாள் முழுக்க வந்திருந்தார். நான் கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தேன். அபி தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ரஹீம் காக்கா கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு இருந்து, வாய் ஓயாமல் ஏதோ கதைத்துக்கொண்டிருப்பார். என்ன கதைக்கிறார் என்று அபியைக் கேட்டேன். வாவி மீனின் விலை, கல்லடிப் பாலத்தில் பாடும் மீனின் சத்தம் கேட்கப் போய்ச் செருப்பைத் தொலைத்தது, மண்டூர்த் திருவிழாக் கடையில் வாப்பா கள்ளக் காசு வாங்கி ஏமாந்தது. நடுவில் துஆவும் ஓதுவாராம். தாதிகளுக்கு முன்னால் அபி அவரை ‘மாமா’ என்று கூப்பிட்டாள். தாயின் அண்ணனை வேறு எப்படிக் கூப்பிடுவது. முதலில் அது சாட்சியத்துக்காக. இரண்டாம் நாள், யாரும் இல்லாத நடைபாதையிலும் கூப்பிட்டாள்.

எனக்கு வேறொரு பயம் தொடங்கியிருந்தது. வசந்தா கண் விழித்து முதலில் காணப்போவது, எந்த மனிதரின் கடைக்குப் போகாமல் ரயில் ஏறிப் போனாளோ அவருடைய முகத்தை. அதுவும் அண்ணன் என்று. அந்தச் சொல்லை அவள் யாருக்கும் கொடுக்காமல் பத்தொன்பது வருடமாக வைத்திருந்தாள்.

இதை ரஹீம் காக்காவிடம் சொன்னேன். வட்டைக்குப் போனவரைப் பற்றியும் சொன்னேன்.

“தெரியும் மச்சான். கடைக்கு வந்த அண்டைக்குத் தங்கச்சிட முகம் மாறினதைக் கண்டனான். நான் என்ன செய்ய? முறையை நானா வைச்ச?” தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “கண் முழிச்சுப் போகச் சொன்னாப் போறன். முழிச்சாக் காணும்” என்றார்.

6

அவள் கண் விழித்த செய்தி வந்தபோது என் இருமல் நின்றிருந்தது. முகமூடியோடு கதவுக்குப் பக்கத்தில் நிற்க மட்டும் அனுமதித்தார்கள். நாங்கள் மூவரும் உள்ளே போனோம். அதற்கு முதல் நாள்தான் யுத்தம் முடிந்துவிட்டதாகக் கொழும்பில் வெடி கொளுத்தினார்கள்.

வசந்தாவின் தலை முழுக்கக் கட்டு. கண் திறந்திருந்தது, ஆனால் எதிலும் நிற்கவில்லை. மருத்துவர் கட்டிலருகில் நின்று, அபியின் மூலம் கேள்விகளைத் தொடங்கினார். மூளை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அறியும் கேள்விகள்.

“அம்மா, உங்கட பேர் என்ன எண்டு கேக்கிறார்.”

நாக்கு புரள நேரம் எடுத்தது. “வசந்தா.”

“இது எந்த இடம்?”

“ஆஸ்பத்திரி.”

“இப்ப என்ன மாசம்?”

அவள் யோசித்தாள். பிறகு அபியைப் பார்த்து, “சண்டை முடிஞ்சுதா?” என்று கேட்டாள்.

மருத்துவர் அபியைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். அபி ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை. “மே” என்று மொழிபெயர்த்தாள். மருத்துவர் சரி என்று குறித்துக்கொண்டார்.

அடுத்தது ஆட்கள். மருத்துவர் கதவடியில் நின்ற என்னைக் காட்டினார். வசந்தா முகமூடியைப் பார்த்தாள், காலணியைப் பார்த்தாள். “பேப்பர் போடுற ஆள்” என்றாள். இது பிழையா சரியா என்று மருத்துவருக்குக் குழப்பம். அபி சிரித்துக்கொண்டே கணவர் என்று விளக்கம் சொன்னாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவளேதான். கேட்டதைக் கேட்டபடி தந்திருக்கிறார்கள்.

மருத்துவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்தவர் சகோதரர் என்று அதில் இருந்தது. பேனாவால் ரஹீம் காக்காவைக் காட்டினார்.

ரஹீம் காக்கா பின்னால் நகர்ந்தார். “நான் வெளியில நிக்கன் மகள்.” மருத்துவர் கையை உயர்த்தி நிறுத்தினார். இதைத்தான் கேட்க வேண்டும் என்றார்.

கடைக்காரர் என்று வசந்தா உள்ளதைச் சொன்னால், சொந்த அண்ணனையே அடையாளம் தெரியாத நோயாளி என்று எழுதுவார்கள். மறுபடி படம் எடுப்பார்கள்; மறுபடி மண்டையைத் திறப்பதைப் பற்றியும் பேசலாம். இது எனக்கு அந்த இடத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. அபிக்கும் உறைத்திருக்க வேண்டும். கேள்வியை மொழிபெயர்க்காமல் நின்றாள்.

வசந்தாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பேனாவின் நுனியைப் பின்பற்றிப் பார்த்தாள். ரஹீம் காக்காவின் முகத்தில் அவள் கண் முதன்முதலாக நின்றது. நெடுநேரம் நின்றது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இவர் ஆர் உனக்கு?” என்று அபியைக் கேட்டாள்.

“மாமா” என்றாள் அபி.

“ஆர் அப்படிக் கூப்பிடச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லல்ல. நான்தான் கூப்பிடுறன்.”

வசந்தா கண்ணை மூடினாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். மருத்துவர் பேனாவைத் தாளில் வைத்தார்.

“இவளுக்கு மாமா எண்டா எனக்கு அண்ணன்தானே” என்றாள் கண்ணைத் திறக்காமல். “வேற என்ன முறை இரிக்கு?”

அபி அதை ஒரு சொல்லில் மொழிபெயர்த்தாள். மருத்துவர் சரி என்று குறித்துவிட்டு, திருப்தியோடு எங்கள் எல்லாருக்கும் தலையசைத்து வெளியே போனார். ரஹீம் காக்கா நின்ற இடத்திலேயே நின்றார். அவருடைய தாடி நனைந்துகொண்டிருந்தது.

“அண்ணனெண்டா பாத்துக்கொண்டு நிக்கிறதா?” என்றாள் வசந்தா. “கழுத்து நோகுது. இந்தத் தலகணியை நிமித்தி வைக்கச் சொல்லு.”

அவர் வந்தார். ஒரு கையால் அவள் தலையைத் தாங்கி, மறுகையால் தலகணியை இழுத்தார். தலகணி முன்பைவிடக் கோணலானது. வசந்தா அதிலேயே தலையை வைத்துக்கொண்டு, இப்போது சரி என்றாள்.